கல்வாழைக்குப் போகும் குளியல் நீர்

சேலத்தில், மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறோம். குளித்து முடித்ததும் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். அது திருமணிமுத்தாற்றில் கலந்து மறுபடியும் காவிரிக்கே போகிறது, கறுப்பாக.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீர் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால், 40 வீடுள்ள தெருவில் தினமும் 17,000 லிட்டருக்கு மேல்!

கண்ணங்குறிச்சியில் அக்கா வீட்டாரும் பக்கத்து மூன்று வீட்டாரும் சேர்ந்து கொல்லையில் ஜல்லித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சமையலறை, குளியலறைத் தண்ணீர் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும் சிறு தொட்டிக்கு வரும். பிறகு கல்வாழை நட்ட ஜல்லிக்குள் மெல்ல ஊர்ந்து போகும். கல்லில் படிந்த நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. மோட்டார் கிடையாது, வாட்டம், அதாவது சரிவு, சரியாக இருந்தால் போதும். மறுமுனையில் அள்ளி முகர்ந்தேன். சோப்பு வாசனை இல்லை, லேசான மண் வாசம். அதெல்லாம் தென்னைக்கும் வாழைக்கும்தான், குடிக்க அல்ல.

பிசுக்குத் தொட்டியை வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும். யார் முறை என்பதில்தான் நான்கு வீட்டுக்கும் சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போன நானே வழித்தேன்.