விபிசி லேப்: எதை மாற்றினால் எது படுக்கிறது

ஜிஎன்எஸ்3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் இரண்டு நெக்ஸஸ் 9000வி (சிஸ்கோவின் மெய்நிகர் ஸ்விட்ச்), கீழே எல்ஏசிபி பாண்டிங் (பல கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் முறை) போட்ட ஒரு லினக்ஸ் மெஷின். ஒருவழியாக விபிசி (இரண்டு ஸ்விட்ச் சேர்ந்து கீழே உள்ள மெஷினுக்கு ஒரே ஸ்விட்சாகத் தெரியும் ஏற்பாடு) எழுந்து நின்றுவிட்டது. இரண்டு ஸ்விட்சிலும் செட்டிங் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லா ஆவணமும் சொல்கிறது. இல்லாவிட்டால் எது விழும், எவ்வளவு விழும்? அதற்காகவே ஒவ்வொரு விதியாக மீறிப் பார்த்தேன்.

விபிசி ஜோடிக்கு அடையாளமாக டொமைன் எண் 20 கொடுத்திருந்தேன் (1 முதல் 1000 வரை போகலாம்). லினக்ஸ் பக்கம் பாண்ட் விவரத்தைத் திறந்தால், பார்ட்னர் மேக் (எதிர்ப்பக்கத்தின் வன்பொருள் முகவரி) இரண்டு ஸ்விட்சில் எதனுடையதும் இல்லை. கடைசியில் 14 என்று முடிகிறது. 20-ஐப் பதினறும எண்ணில் எழுதினால் அதே 14. டொமைன் எண்ணை வைத்துத்தான் இந்தப் பொது மேக் உருவாகிறது. இரண்டு விபிசி ஜோடிகளை நேருக்கு நேர் இணைக்கும்போது ஒரே டொமைன் எண் கூடாது என்பதன் காரணம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் பெரிய அடி. ஜோடியில் ஒரு ஸ்விட்ச் பிரைமரி, மற்றது செகண்டரி. செகண்டரியில் மட்டும் ஸ்பானிங் ட்ரீயை (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுக்கும் நெறிமுறை) ரேப்பிட் பிவிஎஸ்டி என்ற வகையிலிருந்து எம்எஸ்டி என்ற வகைக்கு மாற்றினேன். இது குளோபல் டைப்-1 பொருத்தமின்மை, அதாவது ஸ்விட்ச் முழுவதற்கும் கட்டாயம் ஒத்துப்போக வேண்டிய செட்டிங் வேறுபடுவது. செகண்டரியின் விபிசி கால்கள் எல்லாம் சஸ்பெண்ட்! பிரைமரி அசரவில்லை, பிங்கும் அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்தது. கிரேஸ்ஃபுல் கன்சிஸ்டன்சி செக் (பொருத்தமின்மை வந்தால் செகண்டரியை மட்டும் நிறுத்தும் வசதி) டீஃபால்ட்டாகவே ஆனில் இருப்பதால் வந்த கருணை இது. அதை ஆஃப் செய்துவிட்டு மறுபடி மாற்றினால் இரண்டு பக்கமும் போய்விடுகிறது. அதை ஆஃப் செய்யும் வசதியை எதற்கு வைத்தார்களோ!

விலேன் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்; அதில் நேட்டிவ் விலேனை (டேக் இல்லாத ட்ராஃபிக் போவது) ஒரு பக்கம் மாற்றியபோது அந்த ஒரு விபிசி மட்டும் மாட்டியது. டிரங்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு) அனுமதித்த விலேன் பட்டியலில் ஒன்றைக் குறைத்தால் சேதம் இன்னும் சின்னது: போர்ட் அப்பில்தான் இருக்கும், அந்த விலேன் மட்டும் விபிசியில் நின்றுவிடும். மானிட்டரிங்கில் எல்லாம் பச்சையாகத் தெரியும் என்பதால், நிஜ டேட்டா சென்டரில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) தனிக்கதை. லேயர்-2 போர்ட்டில் 1500 அல்லது சிஸ்டம் ஜம்போ அளவு (டீஃபால்ட் 9216), இரண்டில் ஒன்றுதான் போடலாம். 9000 என்று அடித்தால் ஏற்காது.

கடைசியாக பியர்-லிங்கை (இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் லிங்க்) மட்டும் வெட்டினேன். மேனேஜ்மென்ட் வழி கீப்அலைவ் (மற்ற ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி, யூடிபி 3200) உயிரோடு இருந்ததால், பிரைமரி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செகண்டரி தன் விபிசி போர்ட்களைத் தானே மூடிக்கொண்டது. ஆனால் செகண்டரியில் மட்டும் சொருகியிருந்த ஆர்ஃபன் மெஷினுக்கு லிங்க் அப், போக வழி மட்டும் இல்லை. அந்த போர்ட்டில் ஆர்ஃபன்-போர்ட் சஸ்பெண்ட் கட்டளை போட்டபின், பியர்-லிங்க் போனதும் அதுவும் சேர்ந்து டவுன் ஆகிறது. இரண்டு கார்டில் ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை பாண்டிங் உள்ள சர்வர் என்றால் உடனே மற்ற கார்டுக்குத் தாவிவிடும். அதை அடுத்த சுற்றில் கட்டுகிறேன், கூடவே பியர்-கேட்வேயும் (ஜோடி ஸ்விட்சின் மேக்குக்கு வரும் பாக்கெட்டையும் தானே ரூட் செய்யும் வசதி).