ஸ்டாருக்குப் பதில் ஒரு புள்ளி

பழைய டிஸ்க்கில் இருந்த ஒவ்வொருவருடைய ஃபைல்களையும் புது சர்வருக்குக் காப்பி செய்துகொண்டிருந்தோம். "ஸ்டார் போட்டா புள்ளி வச்ச ஃபைலும் சேர்ந்து வருமா அண்ணாச்சி?" என்று என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் வரும்லே, தட்டு" என்றேன்.

வராது. ஸ்டார் என்ற * குறியை ஃபைல் பெயர்களாக விரிப்பது காப்பி செய்யும் கட்டளை அல்ல, நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல். புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது, நாம் தனியாகச் சொல்லாதவரை, விட்டுவிடும். இது எனக்குத் தெரியும், பல வருஷமாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வாயில் வந்தது அந்தப் பதில்தான்.

சோதிக்காமலும் இல்லை. புது சர்வரில் இரண்டு மூன்று பேருடைய ஹோம் டைரக்டரிக்குள், அதாவது அவரவர் சொந்த ஃபோல்டருக்குள், புள்ளி வைத்த ஃபைல்களையும் காட்டும் எல்எஸ் மைனஸ் ஏ போட்டுப் பார்த்தேன். ஷெல்லின் அமைப்புகளை எழுதி வைக்கும் புள்ளி ஃபைல்களில் பேஷ்ஆர்சி இருந்தது, புரொஃபைல் இருந்தது. கணக்கு தொடங்கியபோதே புதுக் கணக்குகளுக்கான மாதிரி ஃபைல்கள் கிடக்கும் ஸ்கெல் ஃபோல்டரிலிருந்து வந்து உட்கார்ந்த புதுப் பிரதிகள் அவை என்று எனக்கு உறைக்கவில்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் கோலம் கிடந்த மாதிரி.

பழைய டிஸ்க்கை மறு வாரமே ஃபார்மட் செய்து வேறு லேபுக்குக் கொடுத்துவிட்டோம். அப்புறம்தான் ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்து நின்றார். வேறு கணினிகளுக்குள் நுழைய அவர் வைத்திருந்த எஸ்எஸ்ஹெச் சாவி ஃபைல் இல்லை. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரிகள், கட்டளைகளுக்கான சுருக்கப் பெயர்கள் என்று மூன்று வருஷமாகச் சேர்த்துச் சேர்த்து எழுதிய பேஷ்ஆர்சியும் இல்லை. "திரும்ப எழுதிக்கிடுதேன் சார்" என்றார். சண்டை போட்டிருக்கலாம்.

துறைத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"யாரு தட்டுனது?"

"இவன்தான் சார்."

பொய் இல்லை. யார் சொல்லித் தட்டினான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு நிரந்தர வேலை, அவன் தற்காலிகம். ஒத்துக்கொண்டிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது. இன்னொரு பக்கம், சந்தேகம் வந்தவன் ஒரு சும்மா ஃபோல்டரில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்றும் தோன்றுகிறது. சரி, அவனுக்குச் சந்தேகமாவது வந்தது. ஸ்டார் இருந்த இடத்தில், அந்த ஃபோல்டரையே குறிக்கும் ஒரு புள்ளி போட்டிருந்தால் எல்லாமே வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் ஜங்ஷனுக்கு வந்தோம். சுலோசன முதலியார் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. அவன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏன் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எதைத் தட்டுமுன்னும் ஒரு சீட்டை நீட்டுகிறான், கட்டளையை நான் எழுதித் தர வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு செய்யச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அந்தப் பழக்கமாகக்கூட இருக்கலாம். ஆனால் போன வாரம் அடியில் கையெழுத்தும் கேட்டான்.

போட்டேன்.