பத்து நாள் காய்ச்சலும் பாவாடை நாடாவும்

போன டிசம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது முடிச்சூரில் எங்கள் தெருவே இருமிக்கொண்டிருந்தது. டெங்குவாக இருக்கும் என்று பயந்தோம். டெங்குவுக்கான என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ், மலேரியாவும் இல்லை. பிளேட்லெட் மட்டும் 90 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட் லேசாகப் பாசிட்டிவ் காட்டவே, பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். நம் ஊரில் டைபாய்டு இல்லாதவர்களுக்கும் வைடால் அப்படிக் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவில்லை.

எட்டாம் நாள், "காதுக்குள்ள குக்கர் விசில் அடிக்குதுடி" என்றார் அம்மா. நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொன்னார். அசதி என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

பத்தாம் நாள் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "வீட்டைச் சுத்திப் புதர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. பின்னால் உள்ள காலி மனையில்தான் அம்மா மூக்கிரட்டைக் கீரை பறிப்பார். காது விஷயத்தையும் சொன்னேன். உடனே திரையை இழுத்துவிட்டு அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடினார். கடைசியில் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னார். நாற்பது வருடம் நாடா இறுக்கி, இடுப்பைச் சுற்றி வளையமாகக் கறுத்த தோல். அந்தக் கறுப்புக்குள்ளேயே சுண்டைக்காய் அளவில், சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு பொருக்கு, ஓரமெல்லாம் சிவப்பு. வலியில்லை, அரிப்பில்லை. "நாடா தழும்புதானே டாக்டர்" என்று அம்மா கூச்சத்தோடு நெளிந்தார்.

ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். நாய் மேல் இருக்கும் உண்ணி இல்லை இது. புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்தப் பொருக்கு அது கடித்த இடம்தான். கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பதால் அந்த ஊசி இதற்குக் கேட்காதாம். காது மந்தமாவதும் சிலருக்கு உண்டாம். அதை உறுதிப்படுத்தும் ஐஜிஎம் எலைசா டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆனால் ரிசல்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாளைக்கு என்று கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் நெற்றி சில்லென்று இருந்தது. எலைசா பாசிட்டிவ் என்ற தாள் அதற்கு அப்புறம்தான் வந்தது.

காது தெளிய மூன்று வாரம் ஆனது. கீரை பறிப்பதை மட்டும் அம்மா விடவில்லை. இப்போது அண்ணனின் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, அதன் மேல் புடவையும் கட்டிக்கொண்டு போகிறார்.