கென்னிவுட்: ஓர் உருக்காலை ஊரின் விடுமுறை நாள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியேறும் தமிழர்களுக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிடும் இடம் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். 1976 முதல் அந்தக் குன்றின் மேல் பெருமாள் நிற்கிறார். ஊரில் வேலை தேடுவது, வீடு பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர் பிடிப்பது என்று எங்கள் பேச்சு பாதி அந்தக் கோயிலின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடந்தது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எனக்குக் காட்டிய இடம் வேறு. சாலையோரங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டு வழிகாட்டும் கென்னிவுட்.

அது ஒரு கேளிக்கைப் பூங்கா. நகர மையத்துக்குத் தென்கிழக்கே, வெஸ்ட் மிஃப்லின் என்ற சிற்றூரில், மொனாங்கஹீலா ஆற்றை ஒட்டிய உயர்ந்த கரையில் இருக்கிறது. கார் இல்லாத எங்கள் முதல் கோடையில் 61சி பஸ்ஸில் போனோம். பஸ் ஹோம்ஸ்டெட் வழியாகப் போகும். 1892இல் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றையே உலுக்கிய வேலைநிறுத்தம் நடந்த உருக்காலை அங்கேதான் இருந்தது. 1986இல் ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கடைவீதியும் திரையரங்கும் இருக்கின்றன, நடுவே வரிசையாகச் சில பழைய புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

பூங்கா பிறந்த கதையும் அந்த ஆலைகளோடு பின்னியதுதான். 1898இல், ஆற்றங்கரையில் கென்னி என்ற விவசாயக் குடும்பத்துக்கு இருந்த தோப்பை ஒரு டிராம் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. வார நாட்களில் டிராம் நிறைய ஆட்கள் வேலைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாக ஓடும். பாதையின் கடைசியில் ஒரு பூங்கா இருந்தால் ஞாயிறும் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. அமெரிக்கா முழுவதும் டிராம் கம்பெனிகள் இப்படிப் பூங்காக்கள் அமைத்தன. கார் வந்ததும் டிராம் போயிற்று, அவற்றில் பெரும்பாலானவையும் கூடவே போயின. கென்னிவுட் நின்றது. 1987இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களில் ஒன்றாக அதை அறிவித்தார்கள்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் எந்த வீட்டில் யார் எழுந்திருப்பார்கள், யார் வீடு திரும்புவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ, கென்னிவுட்டில் ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறியபோது நான் கீழே பார்க்கவில்லை, ஆற்றின் அக்கரையைப் பார்த்தேன். அங்கே பிராடக் என்ற ஊரில் எட்கர் தாம்சன் உருக்காலை புகைந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1875இல் தொடங்கிய ஆலை, இன்றும் இரும்பு உருக்குகிறது. அந்த உலையில் வாரமெல்லாம் வெந்தவர்கள் ஒரு நாள் இக்கரைக்கு வந்து பிள்ளைகளோடு சிரித்திருக்கிறார்கள். இந்த ஊர் எனக்கு அந்நியமில்லை என்று முதன்முதலில் தோன்றிய இடம் அதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கென்னிவுட் நாள், தேவாலயத்துக்கு ஒரு நாள், அப்பாவின் ஆலைக்கு ஒரு நாள் என்று கோடை முழுவதும் கணக்கு இருந்ததாம். ஸ்லோவாக்கியர், இத்தாலியர், குரோவேஷியர் என ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் தனித்தனி நாட்கள் உண்டு. அம்மாக்கள் விடிவதற்குள் போய் மேசைத்துணி விரித்து மரநிழல் மேசைகளுக்கு இடம் பிடிப்பார்கள் என்றார். பள்ளிகளுக்கான நாள் இன்றும் இருக்கிறது. என் மகளின் பள்ளியிலிருந்து சலுகை விலை டிக்கெட்டுக்கான தாள் வந்தபோது, அவளைவிட அவர்தான் அதிகம் மகிழ்ந்தார்.

அந்தக் காலத்தை அவர் சொன்னபடியே முழுக்கப் பொன்னாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பூங்காவில் அப்போது பெரிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதே ஆலைகளில் வேலை பார்த்த கறுப்பினத்தவர்களுக்கு அதில் இறங்க அனுமதி இல்லை. குளத்தை மறுப்பது எதை மறுப்பது என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று அந்தக் குளமே இல்லை. பழைய பெருமைகளை இவ்வளவு அன்போடு பேணும் பூங்கா இந்தக் கதையையும் அதே அளவு வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி ராட்டினங்கள். சாலைக்கு அடியில் போகும் ஒரு சுரங்க வழியாக நடந்துதான் உள்ளே நுழைய வேண்டும். எனக்கு முதலில் பிடித்தது ஜாக் ராபிட், 1920இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர். வடிவமைத்த ஜான் மில்லர், தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் பொருத்தி, வண்டி எவ்வளவு துள்ளினாலும் தடத்தை விட்டு எழாதபடி செய்தவர். அந்தத் துணிச்சலில்தான், சரிந்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு நொடி சமமாகி மறுபடியும் சரிகிற இரட்டைச் சரிவை இங்கே வைத்தார். உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். நூறு வயது தாண்டிய மரச் சட்டம் அதைச் செய்கிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

1927இல் வந்த ரேசரும் மில்லரின் கைவண்ணம்தான். இரண்டு வண்டிகள் அருகருகே போட்டி போட்டு ஓடும். பார்க்க இரண்டு தடம், உண்மையில் ஒரே நீண்ட தடம். இடப்பக்கம் கிளம்பிய வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும். தண்டர்போல்ட் இன்னும் விசித்திரமானது. மற்றவை முதலில் மெல்ல ஏறும். இதுவோ கிளம்பிய உடனே பள்ளத்தாக்கில் பாய்கிறது, ஏற்றம் நடுவில்தான் வருகிறது. நிலத்தை நிரவாமல் ஓடையின் சரிவையே தடமாக்கியதால் இப்படி. அதில் தனியாக ஏற விடமாட்டார்கள், ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். ஃபான்டம்ஸ் ரிவெஞ்ச் என்ற எஃகு கோஸ்டர் அந்தத் தண்டர்போல்ட்டின் மரச் சட்டங்களுக்கு ஊடாகவே மணிக்கு 85 மைல் வேகத்தில் பாயும். நான் ஒருமுறை ஏறினேன், போதும். என் மகளுக்கு அதைவிட்டால் வேறெதுவும் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. டென்ட்சல் கம்பெனி செதுக்கிய பழைய குடைராட்டினத்தின் முன்னால்தான் நின்றார். மரக் குதிரைகளுக்கு நடுவே ஒரு சிங்கம், ஒரு புலி, பக்கத்தில் தானாக இசைக்கும் காற்று வாத்தியம். "மாப்பிள்ளை, நீங்களும் ஏறுங்கள், சிங்கம் உங்களுக்கு" என்று என் கணவரை ஏற்றிவிட்டு, புலியைத் தான் எடுத்துக்கொண்டார். பிறகு 1936 முதல் ஆடிக்கொண்டிருக்கும் நோவாவின் பேழை என்ற கப்பல் வடிவ விளையாட்டு வீட்டுக்குள் போய், தரை அசைய அசைய என் கையைப் பிடித்தபடி நடந்து வந்தார். மதியம் மரநிழல் மேசையில் புளியோதரையும் வறுவலும். அடுத்த மேசையில் இருந்த குடும்பம் வாங்கி வந்த சீஸ் ஊற்றிய உருளைக்கிழங்குப் பொரியலில் ஒரு தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்கள். நாங்கள் புளியோதரையை நகர்த்தினோம்.

புதிதாக வருபவர்கள் எங்களிடம் வழி கேட்டால் இப்போது நாங்கள் சொல்வது இதுதான்: பள்ளியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வரும் சலுகை டிக்கெட்டுக்குக் காத்திருங்கள், வார நாளில் போங்கள், மரக் கோஸ்டர்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தண்டர்போல்ட்டுக்குத் துணை இல்லாவிட்டால் என் மகளை அழைத்துப் போங்கள், அவள் எப்போதும் தயார்.