மெய்ப்புத் தாளில் ஒரு சொல்

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்துவந்த காலத்தில், இரண்டாம் உலகப் போரைப் பற்றிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சிறுபான்மையினராக வாழ்ந்துவரும், நாஜிகள் கொன்ற ரோமா மக்களை மொழிபெயர்ப்பாளர் சில பக்கங்களில் ‘ஜிப்சி’ என்றும், சில பக்கங்களில் ‘நாடோடி’ என்றும், இரண்டு இடங்களில் ‘நரிக்குறவர்’ என்றும் எழுதியிருந்தார். வாசகருக்கு எளிதில் விளங்கும் என்று கடைசிச் சொல்லையே எங்கும் வைத்துவிடச் சொன்னார் மூத்த ஆசிரியர். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நரிக்குறவர் வாக்ரிபோலி பேசும், நம்மிடையே வாழும் தனிச் சமூகம். ‘நாடோடி’யும் பொருந்தாது, பெரும்பாலும் இன்றைய ருமேனியாவில் அடங்கும் வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அடிமைகளாகப் பண்ணைகளிலும் மடாலயங்களிலும் கட்டுண்டு கிடந்தவர்களின் வழிவந்தோரை எப்படி நாடோடி என்பது?

‘ஜிப்சி’ என்பதே ஒரு தவறான ஊகத்தில் பிறந்த சொல். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று எண்ணி, 1530இல் இங்கிலாந்து அவர்களுக்கு எதிராக இயற்றிய சட்டத்துக்கே ‘எகிப்தியர் சட்டம்’ என்று பெயர். உண்மையில் அவர்கள் மொழி இந்திய மண்ணில் வேர்கொண்டது. தண்ணீரை இன்றும் ‘பானி’ என்கிறார்கள். ‘ரோம்’ என்றால் அவர்கள் மொழியில் ஆண், கணவன். 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு, பிறர் இட்ட பெயர்களை விலக்கி ‘ரோமா’வை ஏற்றது. ஜெர்மானியர் வழங்கிய, அவர்கள் எழுத்தில் இஸட்டில் தொடங்கும் ‘சிகொய்னர்’ (Zigeuner) என்ற சொல்லின் மூலம், ‘தீண்டத்தகாதவர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் என்பது பலர் கருத்து. அதைப் படித்த அன்று என்னால் வேலையைத் தொடர இயலவில்லை.

ஆகவே எல்லா இடத்திலும் ‘ரோமா’ என்று ஒரே மூச்சில் மாற்றினேன். இரண்டாம் மெய்ப்பில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்த ரோமா கைதிகளைப் பற்றிய வரி இப்படி வந்து நின்றது: “ரோமா என்பதன் முதலெழுத்தான இஸட் அவர்கள் கையில் எண்ணோடு பச்சை குத்தப்பட்டது.” இழிசொல்லை நீக்குகிறேன் என்று, அதைத் தோலில் பொறித்தவர்களின் குற்றச் சான்றையே அழித்திருந்தேன். அவ்வரியில் ‘சிகொய்னர்’ திரும்ப வந்தது. 1944 ஆகஸ்ட் 2 இரவில் ஆட்களைக் கொன்று காலிசெய்த முகாம் பகுதிக்கு நாஜிகள் இட்ட பெயரிலும் அச்சொல்லையே மேற்கோள் குறிக்குள் வைத்தேன்.

இங்கிலாந்துப் பெண் ஒருவர் தம்மை ‘ஜிப்சி’ என்றே பெருமையுடன் சொல்லும் பத்தி ஒன்றும் அந்நூலில் இருந்தது. அங்கே பலர் அப்பெயரைத் தமதாகவே கொண்டிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அது இடம்பெற்றது. அவர் வாயில் ‘ரோமா’ என்று நான் திணித்திருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, அவர் சொன்ன சொல்லையே ஓரத்தில் எழுதினேன்.