எழுதிக் கொடுங்க சார்

ஜூன் மாதம் எங்களுக்குச் சேர்க்கை மாதம். வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராகச் சேர்ந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. இத்தனை காலத்தில் "இந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன தலைமையாசிரியர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு வருவதில்லை. "சேர்த்துக்கலாம்மா, ஆனா இங்க எல்லாம் ஓடியாடுற பசங்க, இடிச்சுத் தள்ளிட்டா யாரு பதில் சொல்றது?" என்பார்கள். "ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கே, அங்க நல்லா பார்த்துப்பாங்க" என்பார்கள். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், கொஞ்சம் நடக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்பது இன்னொரு வகை. எல்லாமே அக்கறையான பேச்சு. எதிரே நிற்கிற அம்மாவுக்கு மறுத்துப் பேச வாய் வராது. சரிங்க சார் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதோடு ஒரு வருடம் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது என்பது அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, கட்டடத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைப்பது, தனிப்பட்ட உதவி தருவது எல்லாம் அதன் 16ஆம் பிரிவில் இருக்கின்றன. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். ஆனால் 16 கொஞ்சம் வழவழவென்று இருக்கும். அரசு முயல வேண்டும் என்கிற தொனி. 31ஆம் பிரிவு கறார். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும், பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது அந்தக் குழந்தையின் விருப்பம். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு கையைக் கழுவிவிடும். இது 18 வரை வரும். பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த நான்கு வருட வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் பிரிவு எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக் கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, ஒரு அம்மா. தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மகனுக்கு ஆட்டிசம். யு.கே.ஜி. முடியும்போது பள்ளியில் கூப்பிட்டு, அடுத்த வருடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், டி.சி. தயாராக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் எதையெல்லாமோ சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவர் பத்து நிமிடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சரிங்க சார், புரியுது. இந்தக் காரணத்தால வச்சுக்க முடியலைன்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் கொடுங்க, வாங்கிட்டுப் போயிடுறேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. முதல்வர் தாளாளரைப் பார்த்தார், தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார். அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை. பையன் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன். வாய்மொழியாக எத்தனை மறுப்பும் வரும், தாளில் ஒன்றுகூட வராது. தாளில் வந்தால் அதை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் கொண்டுபோகலாம். ஆளை அழைத்து விசாரிக்க ஓர் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கைக்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. நான் அறிந்தவரையில் யாரும் கட்டியதில்லை. ஆனால் இந்த அபராதத்தைச் சொல்லும் 89ஆம் பிரிவின் பெயரை ஒரு தடவை சொன்னால் பேச்சு மரியாதையாக மாறுகிறது. அதுவும் ஒரு பயன்தானே.

சேர்த்துக்கொண்டார்கள் என்றால் படிக்கிறான் என்று அர்த்தமில்லை. அந்தப் பையனை ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கையில் கிரையான் டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி அவன் பள்ளியில் இருக்கிறான், வருகைப் பதிவேட்டில் தினமும் டிக் விழுகிறது. அதைக் கேட்க எந்தப் பிரிவைக் காட்டுவது? இருக்கிறது, மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று 16லேயே ஒரு வரி உண்டு. ஆனால் சேர்க்கைக்குச் சண்டை போட்ட அம்மாவுக்கு இரண்டாவது சண்டைக்குத் தெம்பு இருக்காது. நாங்கள்தான் போய்ப் பேச வேண்டியிருந்தது. வகுப்பாசிரியை நல்லவர், பயந்துபோயிருந்தார். என்ன செய்வது என்று தெரியாததால்தான் கிரையான்.

கற்றல் குறைபாடு வேறு கதை. 1995 சட்டத்தில் ஊனம் என்றால் ஏழு வகைதான். 2016இல் அது 21 ஆனது. வாசிப்பதில் சிக்கலான டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் சிக்கலான டிஸ்கிராஃபியா மாதிரியானவை அப்போதுதான் உள்ளே வந்தன. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளியிலும் ஒரே பெயர், மக்கு. கொஞ்சம் நாகரிகமான பள்ளியில் "கவனக்குறைவு".

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அறிவியலில் கேள்வி கேட்டால் கடகடவென்று சொல்வான். ஒளிச்சேர்க்கையை அவன் விளக்கிக் கேட்டால் நமக்கே தெளிவாகும். விடைத்தாளில் மட்டும் ஒன்றும் இருக்காது. 'தொட்டி' என்று எழுதச் சொன்னால் கொம்பை எங்கே போடுவது, காலை எங்கே போடுவது என்று திணறிப்போவான். உச்சரிக்கும்போது த முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. நாம் யோசிக்காமல் செய்துவிடுகிற இந்தத் தாவல் அவனுக்கு ஒவ்வொரு சொல்லிலும் ஒரு தடை. பேனாவை அழுத்திப் பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்ப்புக் காய்த்திருந்தது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "சோம்பேறி டீச்சர், நாலு அடி வச்சா சரியாயிடுவான்" என்றார். விரலைக் காட்டினேன். சோம்பேறிக்கு எப்படிக் காய்ப்புக் காய்க்கும்?

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இவனைப் போன்றவர்களுக்குச் சலுகை உண்டு. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு. ஊனத்துக்கு ஏற்பத் தேர்வு முறையை மாற்றித் தருவதும், எழுதுபவரை வைத்துக்கொள்வதும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு அளிப்பதும் 17ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆனால் அரசு மருத்துவமனையில் சோதனை முடிந்து, சான்று வந்து, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, மேலே போய், அனுமதி ஆணையாகத் திரும்பி வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும். அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள் என்று தலைமையாசிரியர்களிடம் நச்சரித்துக்கொண்டே இருப்போம்.

சான்றில் ஊனம் நாற்பது சதவீதத்தைத் தொடாத பிள்ளைகள்தான் பாவம். 38 என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் கதவு அடைபட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டு மறுக்கப்பட்ட வழக்கு அது. எழுதுபவர் என்பது நாற்பது சதவீதக்காரருக்கு மட்டுமான சொத்து இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தராமல் விடைத்தாளைப் பறித்துக்கொண்ட வழக்கிலும், டிஸ்கிராஃபியா உள்ள அந்த மாணவியின் பக்கம்தான் தீர்ப்பு. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு நாற்பதுக்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தத் தாள்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வண்டியில் வைத்திருக்கிறேன். அலுவலகங்களில் "அப்படி ஒண்ணும் வரலையே" என்று சொல்லும்போது எடுத்து மேஜைமேல் வைத்தால் வேலை முடிந்தது.

இனி வீட்டுவழிக் கல்வி. எனக்கு உள்ளூர எரிச்சல் இருப்பது இதில்தான். 2012இல் கட்டாயக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான ஊனமோ பல ஊனங்களோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சேர்த்தார்கள். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வேண்டியதுதான். நானும் இயன்முறை மருத்துவரும் வாரம் ஒரு முறை போவோம். கை காலை நீட்டி மடக்குவோம், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்போம், பொம்மை, படம், எழுத்து என்று பிள்ளையால் முடிந்ததைச் செய்வோம். எமிஸ் என்கிற கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் பக்கத்துப் பள்ளியில் இருக்கும்.

ஆனால் வீட்டுவழிக் கல்விப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தால், வீட்டில் இருந்தே ஆக வேண்டிய பிள்ளைகள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் பள்ளிக்குப் போகக்கூடியவர்கள். போகாததற்குக் காரணம் ஊனம் இல்லை. தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை, வழியில் ஓடை, வகுப்பு மாடியில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. இவர்களைப் பட்டியலில் போட்டுவிட்டால் பள்ளிக்கும் நிம்மதி, அலுவலகத்துக்கும் கணக்குச் சரி. பெற்றோரின் விருப்பம் என்ற கட்டத்தில் கையெழுத்தும் இருக்கும். வேறு வழி எதையும் காட்டாமல் வாங்கிய கையெழுத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி இந்தப் பட்டியலில் இருந்தாள். வாய்ப் பேச்சு குழறும், ஆனால் கணக்கில் கெட்டி. ரேஷன் கடை பில்லைக் கூட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பாள். இவளை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் கொஞ்ச நாள் அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக் கழிப்பறை தரையோடு இருக்கும் வகை. இவளால் குந்த முடியாது. அதனால் காலையில் பால், தண்ணீர் எதுவும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார். பிள்ளை நாலு மணி வரைக்கும் தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பள்ளியில் சாய்தளம் இருந்தது. கைப்பிடி வைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, புகைப்படம் எடுத்து மேலே அனுப்பிய சாய்தளம். அது போய் முடிகிற இடம் தலைமையாசிரியர் அறை. வகுப்பறைக்கு இன்னும் இரண்டு படி ஏற வேண்டும். சாய்தளத்துக்குக் கேட்டால் கிடைக்கிறது, கழிப்பறைக்கு மேற்கத்திய கோப்பையும் கைப்பிடியும் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். புகைப்படத்தில் எது நன்றாக வருமோ அது முதலில் கட்டப்படும் போல. எந்தப் பிரிவும் அந்தப் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கவில்லை, அந்தக் கோப்பைதான் தீர்மானித்தது.

கடைசியில் அது அமைந்தது ஊராட்சி நிதியில். 16, 31 என்று நான் எழுதிய மனுக்களைவிட, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து நின்று நீர்க்கடுப்புக் கதையைச் சொன்னது வேலை செய்தது. குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஒருவரும் பேசவில்லை, தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சிறுமி மூன்றாம் வகுப்பில் மறுபடி சேர்ந்தாள். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவருக்காகப் பாதுகாவலர் படி என்று ஒரு தொகை வருகிறது. அது ஆட்டோவுக்குக்கூடப் போதாது என்பதை இங்கே சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குச் சொன்னது. தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மாநிலங்களை மறுபடியும் கேட்டது. நாங்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு கொத்துப் பள்ளிகள், சொந்த வண்டி, சொந்தப் பெட்ரோல். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போனால் பெரிது. அந்த ஒரு நாளில் நான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட வகுப்பாசிரியருக்குச் சொல்லிக் கொடுப்பது உருப்படியான வேலை என்று இப்போது செய்துகொண்டிருக்கிறேன். மீதி நான்கு நாளும் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே.

அந்தச் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பு. ஜூனில் ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பலகை மாட்டி ஒன்று இருக்கிறது. அம்மா போன வாரம் இஞ்ச் டேப்போடு போய் அளந்துவிட்டு வந்து போன் செய்தார். கதவு இரண்டடிதான், சக்கர நாற்காலி உள்ளே போகாது. தவிர உள்ளே பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். "இப்பவே மனு கொடுத்துடலாம் டீச்சர், லீவுலயே கதவை மாத்திட்டா நல்லது" என்றார். திங்கட்கிழமை இருவரும் போகிறோம். ரசீது வாங்காமல் வருவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.