கடையின் முதுகு

பிப்ரவரி 3, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் பெரிய கடை வரப்போகிறதாம். மரப்பலகை, பெயின்ட், குழாய், ஓடு, செடி என்று வீடு திருத்த வேண்டிய எல்லாம் ஒரே கூரையின் கீழ். நோட்டீஸ் வந்து இரண்டு நாள் ஆகிறது. கரன்ட் பில் என்று நினைத்துப் பிரிக்காமல் போட்டுவிட்டேன். கருத்துக் கேட்புக் கூட்டம் 19-ஆம் தேதி.

பிப்ரவரி 5, வியாழன்

திட்ட அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைப் பார்த்தேன். முதல் தாளில் கடையின் முகப்பு: மரங்கள், குழந்தையைக் கைப்பிடித்து நடக்கும் ஒரு பெண், நீல வானம். கட்டடம் மட்டும் 10,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரைக் கால்பந்து மைதானம். பின்பக்கம் ஏழாவது தாளில் இருக்கிறது. அதற்கு வண்ணம் கிடையாது, கோடுகள் மட்டும். லாரி சரக்கு இறக்கும் மேடை, அட்டை நசுக்கும் இயந்திரம், குப்பைத் தொட்டி, ஜெனரேட்டர். அதற்கு அடுத்த கோடு எங்கள் வேலி. கடைக்கு முகம் மெயின் ரோட்டுப் பக்கம், முதுகு எங்கள் பக்கம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போக்குவரத்து ஆய்வறிக்கை. தூக்கம் வரவில்லை என்றால் படிக்கலாம். நாற்சந்தியில் வண்டிகளை எண்ணியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 முதல் 6 வரை. செவ்வாய் மாலை யார் போய்ப் பலகை வாங்குகிறார்கள்? இந்த மாதிரிக் கடைக்குக் கூட்டம் சேர்வது சனிக்கிழமை நடுப்பகலில். போக்குவரத்துப் பொறியாளர்கள் புரட்டும் கையேட்டில் இத்தகைய கடைக்கென்றே 862 என்று தனி எண் இருக்கிறது. அதில் சனிக்கிழமைக்கும் தனிக் கணக்கு உண்டு. அறிக்கையில் அதைக் காணவில்லை.

இன்னொன்று. எப்படியும் அந்த ரோட்டில் போகிறவர்கள்தான் வழியில் கடைக்குள் திரும்புவார்கள் என்று வண்டிக் கணக்கில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள். நியாயம்தான், அவர்களால் ரோட்டில் வண்டி அதிகமாகாது. ஆனால் அவர்களும் கடை வாசலில் திரும்பி உள்ளே போய், மறுபடி வெளியே வரத்தானே வேண்டும்? வாசல் கணக்கில் கழிக்கக் கூடாது. பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று தண்ணீர். கூரையும் தாரும் சேர்த்து 4 ஹெக்டேர். அதன்மேல் 25 மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். இதுவரை பாதி மண்ணுக்குள் போயிருக்கும்; இனிமேல் ஏறக்குறைய எல்லாமே ஓடிவரும். தேக்கக் குளம் வெட்டுகிறார்கள். குளத்திலிருந்து ஓடைக்கு வெளியேறும் வேகம் பழைய வேகத்தைத் தாண்டாது என்று காட்டியிருக்கிறார்கள். வேகம் தாண்டாது, சரி. அளவு? அதே ஓடையில் இரண்டு மணி நேரம் ஓடிய தண்ணீர் இனி ராத்திரி முழுக்க ஓடும். கரை அரிக்க அது போதும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு அண்ணனோடு வேலி ஓரத்தில் வாக்குவாதம். "வேலை வருது, பக்கத்துல சாமான் கிடைக்குது, உனக்கென்ன?" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. போன மாதம் ஒரு குழாய் வாஷருக்காக நானே பாதி நாள் அலைந்தேன். கடை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர் வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே பெரிய மாமரமும் இரண்டு மனையும் இருக்கின்றன என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். சிரித்தார்.

பிப்ரவரி 19, வியாழன்

கூட்டம் நான்கு மணி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். சின்னக் கடைகள் அழிந்துபோகும் என்று முதல் பத்துப் பேரும் பேசினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. வியாபாரப் போட்டி எங்கள் அதிகாரத்தில் வராது, நிலத்தின் பயன்பாட்டைத்தான் பார்ப்போம் என்று தலைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அத்தனை கோபமும் கதவுக்கு வெளியே போயிற்று.

என் முறை வந்ததும் ஏழாவது தாளைத் தூக்கிக் காட்டினேன். சனிக்கிழமை ஏன் எண்ணவில்லை? லாரி எத்தனை மணிக்கு வரும்? கடைத் தரப்பு ஆலோசகர் இரைச்சலுக்கு 24 மணி நேர சராசரி சொன்னார். சராசரியில் எல்லாம் அடங்கிவிடும். விடிகாலை நாலரைக்கு லாரி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் பீப் மட்டும் அடங்காது. மூன்று மீட்டர் சுவர் கட்டுகிறோமே என்றார். சத்தம் பிறக்கும் இடத்தையும் காதையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுவர் மறைத்தால்தான் உருப்படியாகப் பயன் உண்டு. என் அம்மா படுத்திருப்பது மாடியில். "மாடியில் நின்றால் சுவர் எங்கே தெரியும்?" என்றேன். அவர் தாள்களைப் புரட்டினார். மணி அடித்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

அனுமதி கொடுத்துவிட்டார்கள், நிபந்தனைகளோடு. சனிக்கிழமை எண்ணிக்கையை மறுபடி எடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை சரக்கு இறக்கக் கூடாது. சுவர் நாலரை மீட்டர். கடையின் சொந்த வண்டிகளில் பீப்புக்குப் பதில் புஸ்ஸென்று காற்றுப்போல ஒலிக்கும் அலாரம். வெளியிலிருந்து வரும் லாரிகளுக்கு அது இல்லை. ஓடையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் இரண்டு பேர் வந்து வேலிக்கு அப்பால் ஆப்பு அடித்து ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். அம்மா மாடி ஜன்னலில் நின்று எண்ணியிருக்கிறார்: ஐந்து. லாரி எதன் பக்கத்தில் நிற்கும் என்று கேட்டார். வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.